குழாய் வளர்ந்த தெரு

இந்த அறைக் கதவு நன்றாக மூடுகிறது, மேடம். நீங்கள் உள்ளே வந்து சாத்தியபோதே கவனித்தேன். உரசல் இல்லை, கிறீச் என்ற சத்தம் இல்லை, தாழ்ப்பாள் தன் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா மரவேலை செய்தவர். எங்கே போனாலும் முதலில் கதவைப் பார்க்கிற புத்தி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கதவு ஒழுங்காக மூடினால் எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வரும்.

எழுதிக்கொள்கிறவரிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன். மறைக்கவும் எதுவும் இல்லை. அந்த இரும்பு வளையங்களை உங்கள் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே என்ன பொய் சொல்ல முடியும், சொல்லுங்கள்.

நான் நிலத்தடி நீர்க் கூட்டுக்குழுவின் செயலாளர். பெயர்தான் நீளம். எங்கள் பகுதிக்குக் கீழே இருப்பது ஒரே தண்ணீர், மேலே அதை உறிஞ்சுகிறவர்கள் மூன்று பேர். நகரக் குடிநீர் வாரியம், விவசாயிகள் சங்கம், கிழக்குப் பகுதி மன்றம். இவர்கள் மூவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், ஆளுக்கு எவ்வளவு எடுப்பது என்று தாங்களே திட்டம் போட வேண்டும், தாங்களே அளந்து காப்பாற்ற வேண்டும் என்று மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. நீர்மட்டத்துக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே போனால் எல்லா மோட்டாரையும் நிறுத்த வேண்டும். மூவரும் ஒத்துப்போகவில்லை என்றால் குழுவைக் கலைத்துவிட்டு அரசே எடுத்துக்கொள்ளும். நல்ல சட்டம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சட்டம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வெளியூர். விவசாயிகள் வந்து நகரத்துக் குழாயை உடைப்பார்கள். நகரத்து ஆட்கள் போய் வயல் மோட்டாருக்கு மண்ணைப் போடுவார்கள். ஒருமுறை வாரிய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். காவலாளிக்கு ஒரு கண் போயிற்று. அப்போது நான் அங்கே எழுத்தராக இருந்தேன். எங்கே இருந்தேன் என்று கேட்டால், மேஜைக்கு அடியில். சொல்ல வெட்கமாக இல்லை. எனக்குச் சண்டை என்றால் சின்ன வயதிலிருந்தே ஈரக்குலை நடுங்கும்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுவதே சண்டைதான். சட்டி பறக்கும், உளி பறக்கும். அக்கா என்னை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். சாத்திவிட்டு முதுகை அதில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். "ஒண்ணுமில்லடா. நான் இருக்கேன்ல. கண்ண மூடிக்கோ" என்பாள். வெளியே உதைக்கிற உதையில் கதவோடு சேர்ந்து அவள் முதுகும் அதிரும். ஆனால் கதவு திறந்ததே இல்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்த முதல் நாள் எனக்கு அந்தக் கதவு சாத்தின மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

மூவரும் மோசமானவர்கள் இல்லை. வாரியத்து இன்ஜினியர் வாயைத் திறந்தால் எண்தான் வரும், அதனால் அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர். சங்கத் தலைவர் பேச ஆரம்பித்தால் யாராவது சுவிட்சை அணைத்தால்தான் உண்டு. அவர் மோட்டார். மன்றத் தலைவிக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை, தலைவி என்றே விட்டுவிட்டோம். யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு இஞ்சி போட்டு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருவருக்கு முன்னால் இன்னொருவருக்கு டீ வைத்துவிடக் கூடாது. மூன்று கோப்பையும் ஒரே தட்டில் போய் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். சிரிக்காதீர்கள், அமைதி என்பது இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களில்தான் நிற்கிறது.

பேனா உருள்கிறது பாருங்கள். பிடித்துக்கொண்டேன், இந்தாருங்கள்.

அளக்கிற முறையைச் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்த்தெருக் கோடியில், கூட்ட மண்டபத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் கண்காணிப்பு போர்வெல் ஒன்று உண்டு. ஆழத்தில் ஊன்றிய இரும்புக் குழாய், தரைக்கு மேலே முழங்கால் உயரம் நிற்கும். குழாயின் வாயிலிருந்து டேப்பை உள்ளே விட்டு, தண்ணீர் எத்தனை ஆழத்தில் தொடுகிறது என்று பார்ப்பது. ஒருவர் டேப்பை இன்னொருவர் நம்ப மாட்டார். அதனால் மூவரும் தங்கள் தங்கள் டேப்பைக் கொண்டு வருவார்கள். மோட்டார், கால்குலேட்டரின் டேப்பை வாங்கி விரலால் தடவி, ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். தலைவி இரண்டு பேருடையதையும் தன்னுடையதோடு சேர்த்து நீட்டிப் பார்ப்பார். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்வார்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் கைகுலுக்கல், டீ. மூன்று டேப்பையும் அத்தனை கண் பார்த்தது. குழாயை ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

மழை பொய்த்த அந்த வருடம், கூட்டு அளவைக்கு முன்னால் நான் தனியாகப் போய் அளந்து பார்த்தேன். மூவருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்றுதான். தண்ணீர் எல்லைக்கோட்டுக்குக் கீழே போயிருந்தது. டேப்பைச் சுற்றும்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். முழங்காலளவு இருந்த குழாய் என் தொடைக்கு வந்திருந்தது.

குழாய் வளராது, மேடம். சட்டம் வந்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. அளவுக்கு மீறித் தண்ணீரை எடுத்தால் அடியில் இருக்கிற களிமண் அடுக்கு அமுங்கும், அதோடு தரையும் இறங்கும், ஆழத்தில் ஊன்றிய குழாய் மட்டும் இருந்த இடத்தில் நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு நேரம் எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். குழாய் உயரவில்லை, கீழ்த்தெரு இறங்குகிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும். யார் அதிகம் எடுத்தது என்று மோட்டார் ஆரம்பிப்பார், கால்குலேட்டர் எண்களை எடுத்து வீசுவார், தலைவி எழுந்து போய்விடுவார், மறுபடியும் கட்டையும் கல்லும். அந்தக் காவலாளியின் முகம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு வருடம் மழை பெய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பட்டப்பகலில்தான் அறுத்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்டு, அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பகல் வெயிலில். எதிரில் இருசக்கர வண்டிக் கடை வைத்திருக்கிற மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், பைப்பு வளந்துடுச்சா, முடி வெட்டுறீங்க?"

"வாய் துருப்பிடிச்சுப் போச்சுப்பா. சமமா வெட்டி விடுறேன்."

"அந்த பிளேடு மழுங்கல் சார். இருங்க, என்னோடதத் தரேன்."

நல்ல பையன். அவனே குழாயைப் பிடித்துக்கொண்டான். அறுத்த இடத்தை அரம் போட்டு வழித்துக்கூடக் கொடுத்தான். நான்கு விரல்கடை வளையம் ஒன்று கையில் வந்தது. குழாய் குட்டையானால் வாயிலிருந்து தண்ணீருக்கு உள்ள தூரமும் குறையும், அவ்வளவுதான். மறுவாரம் மூவரும் வந்து மூன்று டேப்பையும் தடவிப் பார்த்து அளந்தார்கள். மூன்றும் ஒன்றாக வந்தது, கோட்டுக்கு மேலே வந்தது. மோட்டார் சந்தோஷத்தில் கால்குலேட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டு அளவைக்கு முன்னாலும் அறுத்தேன். வளையங்களை அக்காவுக்குக் கொடுத்தேன். அக்கா அதே கீழ்த்தெருவில், மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளி, தனியாக இருந்தாள். தையல்காரி. துணியை விரித்து வெட்டும்போது நகராமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டும், அதற்கு இந்த வளையம் தோதாக இருக்கும்.

"எங்கேருந்துடா இது?"

"ஆபீஸ்ல வேஸ்ட்டா கெடந்துச்சு."

"பரவாயில்லையே, இந்த ஜென்மத்துல அக்காவுக்கு ஏதோ வாங்கிட்டு வந்துட்டே" என்று சிரித்தாள். சும்மா எடுத்து வந்ததற்கே அத்தனை சந்தோஷம்.

அவள் வீட்டுக் கதவுதான் முதலில் பிடித்தது. கீழே தரையில் உரசியது. அப்பாவின் இழைப்புளியைக் கொண்டு போய் அடிப்பாகத்தை இழைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மேலே பிடித்தது. அதையும் இழைத்தேன். சுவரில் வெடிப்பு வந்தது, சிமெண்டு குழைத்துப் பூசினேன். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், அதற்குப் பக்கத்து வீட்டிலும் கூப்பிட்டார்கள். தெரு முழுக்க ஓய்வு நாள்களில் எனக்கு இதே வேலை. கூலி வாங்க மாட்டேன். "சார் மாதிரி ஒரு ஆபீசர் எங்க கெடைப்பாரு" என்று மெக்கானிக் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்வான். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நான் மூட வைத்தேன். கதவு மூடுகிற வீட்டைவிட்டு யாரும் போக மாட்டார்கள்.

அக்கா மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"நூல்கண்டு கீழ விழுந்தா நிக்க மாட்டேங்குதுடா. எங்க போட்டாலும் உருண்டு அந்த மூலைக்கே போவுது."

"தரை மேடு பள்ளமா இருக்கும்."

"இத்தன வருஷம் இல்லாத மேடா? ராத்திரி அடியில யாரோ கட்டில இழுக்கிற மாதிரி சத்தம் வேற. எனக்குப் பயமா இருக்கு. நான் வேற வீடு பாக்கட்டுமா?"

செயலாளரின் அக்காவே காலி செய்தால் தெருவே காலி செய்யும். தெரு காலியானால் ஏன் என்று கேட்பார்கள். "எலியா இருக்கும்கா" என்றேன். "நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுறே?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் சொல்லிக் கொடுத்த வார்த்தைதானே. டீ போடப் போய்விட்டாள்.

அன்று என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். சொல்கிறேன். தண்ணீர் கொஞ்சம் தருகிறீர்களா.

அன்று மண்டபத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட மூவரும் வருகிறார்கள். காலையிலிருந்து நல்ல மழை அடித்து ஓய்ந்திருந்தது. நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது, வா என்றாள். போனேன். கதவுச் சட்டமே கோணிப் போயிருந்தது. நான் வெளியிலிருந்து தள்ளினேன், அவள் உள்ளிருந்து இழுத்தாள். அசையவில்லை. ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு வளையம்.

"வேலை ஓடல, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பாத்தேன்" என்றாள். "பைப்புடா இது. அந்தக் காலி மனையில நிக்குற பைப்பு. முன்ன எம்புட்டு ஒசரம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் அதத் தாண்டித்தானே கடைக்குப் போறேன். நீதான் அறுத்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "பயந்துட்டியா? சரி விடு. இன்னிக்கு மூணு பேரும் வர்றாங்கல்ல. நீயே சொல்லிடு. நான் கூட வந்து நிக்கிறேன், ஒருத்தனும் உன்மேல கை வெக்க மாட்டான். மொதல்ல கதவ ஒடைடா. உள்ள நிக்கவே பயமா இருக்கு."

இதைச் சொல்லும்போது காலுக்குக் கீழே அந்தச் சத்தத்தை நானே கேட்டேன். கட்டில் இழுக்கிற சத்தம்தான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு மணி நேரம் பொறுக்கா" என்றேன். "கையெழுத்து முடிஞ்சதும் இழைப்புளியோட வரேன். நீ போய் ஒக்காரு." அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் ஜன்னல் கதவை வெளியிலிருந்து சாத்திக் கொக்கியை மாட்டினேன். மழைச் சாரல் உள்ளே அடிக்கக் கூடாது என்றுதான். மழை அப்போது நின்றிருந்தது என்று சற்று முன் நானே சொன்னேன், இல்லையா. சரி, அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

வாசல் கேட்டை மூடும்போது மெக்கானிக் ஓடி வந்தான். கையில் கடப்பாரை. நடுத்தெருவில் ஒரு கோடு பிளந்து, மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்குகிறதாம். அவன் வீடு வீடாகத் தட்டி எல்லாரையும் வெளியே கொண்டு வந்துகொண்டிருந்தான். சிலர் வீட்டுக் கதவைப் பெயர்த்துத்தான் ஆட்களை எடுத்திருக்கிறான். எனக்கு அப்போதே அவன்மேல் மரியாதை வந்தது.

"சார், அக்கா உள்ளயா?"

தெருமுனையில் மூன்று கார்களும் திரும்பிக்கொண்டிருந்தன. கதவைப் பெயர்த்தால் அக்கா அந்த வளையத்தோடு நேராக என் கையைப் பிடித்து அவர்கள் முன்னால் கூட்டிப் போவாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

"அக்கா ஊர்ல இல்லப்பா" என்றேன். "வீடு பூட்டியிருக்கு."

நான் சொன்னது அவ்வளவுதான். அவன் என்னை நம்பி அடுத்த வீட்டுக்கு ஓடினான். நம்புகிற பையன்.

மண்டபத்தில் மூன்று கோப்பையையும் ஒரே தட்டில் வைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கால்குலேட்டர் கையெழுத்திட்டார், தலைவி இட்டார், மோட்டார் பேனாவைத் திறந்தபோது விளக்கு ஆடியது. பெரிய சத்தம் என்று எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பொத்தென்ற சத்தம், அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் தெருவில் அக்கா வீடு இருந்த பக்கமே இல்லை. தூசி மட்டும் எழுந்து நின்றது. தெருவே முனையில் நின்று அழுதுகொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, மெக்கானிக் புண்ணியத்தில்.

மீட்புப் படை வந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று வீடு வாரியாகக் கேட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக்தான் பதில் சொன்னான். "அந்தம்மா ஊர்ல இல்லீங்க, சார் அவங்க தம்பிதான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லவில்லை, மேடம். இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு சத்தம் கேட்டது. இடிபாட்டுக்கு அடியிலிருந்து, இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். விட்டு விட்டு, ஒரே சீராக. மோட்டார் காதைத் திருப்பி, "என்ன அது?" என்றார். தண்ணீர்க் குழாய் விரிகிற சத்தம் என்று நான்தான் விளக்கினேன். உண்மையில் அது எந்த இரும்பு என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. அறுத்தவனுக்கு அது தெரியாமல் போகுமா. ஜன்னல் கம்பியிலோ வேறெதிலோ வளையத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்க முடியாத பயம். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு பயம், நின்றுவிடுமோ என்று ஒரு பயம். எது பெரிது என்று கேட்காதீர்கள். பொழுது சாய்கிற நேரத்துக்கு நின்றது. நின்ற பிறகுதான், அக்கா உள்ளே இருக்கலாம் என்று போய்ச் சொன்னேன்.

அவளை எடுத்தபோது முதுகு கதவோடு ஒட்டியிருந்ததாக உங்கள் ஆள் சொன்னார். அதற்கு நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

ஆக, நான் என் அக்காவைக் கொன்றேன். குழாயை அறுத்துக் கீழ்த்தெருவை இறக்கியதும் நான்தான். ஒளிக்கவில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த மூவருக்குள் ஒரு கை ஓங்கவில்லை, ஒரு கண் போகவில்லை. யாரும் பயப்படாமல் இருக்க நான் ஒருவன் பயந்துகொண்டிருந்தேன்.

முடிந்தது. நீங்கள் போகலாம்.

என்ன, திறக்கவில்லையா? இழுக்காதீர்கள் மேடம், கைப்பிடி கழன்றுவிடும். மேல் மூலை பாருங்கள், சட்டத்தில் பிடிக்கிறது. ஒன்றுமில்லை, மழைக்கு மரம் ஊதியிருக்கும். இந்தக் கட்டடத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது. ஜன்னல் வழியாக யாரிடமாவது சொல்லி ஒரு இழைப்புளி மட்டும் வரவழையுங்கள், சின்ன வேலை, நான் இழைத்துத் தருகிறேன். எதற்கு என்று மட்டும் சொல்ல வேண்டாம். வீணாகப் பயந்துவிடுவார்கள்.